ஜூலைத் தண்ணீரில் கல்லூரி பார்க்கப் போனவர்கள்

நனைந்த கான்வாஸ் ஷூவை மின்விசிறிக்கு நேராகச் சாய்த்துக் காயவைத்தால் ஒரு வாசனை எழும். ரப்பர், சேறு, ஷூவுக்குப் பூசிய வெள்ளை மூன்றும் கலந்தது. நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போன வாரம் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் அது வந்தது. முதல் மாடிப் பெண் பள்ளியிலிருந்து முழங்கால்வரை நனைந்து வந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் காய்கறிப் பையோடு படித் திருப்பத்தில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்க நிற்கிறேன் என்று நினைத்து அவள் அம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

தெற்குக் கல்கத்தாவில் ஒரு பெண்கள் பள்ளி. அதன் கீழ்த்தளத்தில், நூலகத்துக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஓர் அறை. கதவில் 'கெரியர் ரூம்' என்று எழுதியிருக்கும். அந்த அறைக்கு நான் பொறுப்பாளராக இருந்த ஏறக்குறைய இருபது வருஷமும், ஒவ்வொரு ஜூலையிலும், அங்கே இந்த வாசனை அடித்தது. பதினோராம் வகுப்புப் பெண்கள் மழையில் கல்லூரி பார்த்துவிட்டு வந்து, ஷூவைக் கழற்றி விசிறிக்குக் கீழே வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று பேசுவார்கள்.

அதே வாரம் மௌசுமி வந்தாள். இப்போது அந்த அறை அவளுடையது. "கீதாதி, ஒரு சங்கடம்," என்று ஆரம்பித்தாள். இங்கே அக்காவுக்கு தீதி. பெயரோடு சேரும்போது 'தி' மட்டும் ஒட்டிக்கொள்ளும். நான் பிறவியில் கீதா, பள்ளிக்கூடத்தில் கீதாதி. பள்ளி ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறதாம். பெண் உட்கார்ந்து கேள்விகளைத் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் அவளுக்கு ஏற்ற படிப்பும் கல்லூரிகளும் வரிசையாக வந்து நிற்குமாம். "பெற்றோர்கள் கேட்கிறார்கள் தீதி, கல்லூரியையே காணொலியில் சுற்றிக் காட்டுகிறார்களே, பிள்ளைகளைச் சேற்றில் அனுப்புவது எதற்கு என்று. ஜூலைப் பயணம் எதற்காக ஆரம்பித்தது, நீங்கள் எழுதிக் கொடுங்கள். நான் கமிட்டியில் வாசிக்கிறேன்."

கமிட்டிக்கு ஒரு பக்கம் வங்காளியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அடங்காததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் பூகோள டீச்சராகச் சேர்ந்தவள். எங்கள் குடும்பம் என் தாத்தா காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுத வந்து, தமிழர்கள் சேர்ந்து வாழும் ஏரிப் பக்கம் வாடகைக்கு இருந்து, அப்படியே இங்கேயே காய்ந்து இறுகிவிட்ட குடும்பம். கெரியர் அறைக்கு ஆள் இல்லை என்று என்னை அனுப்பினார்கள். ஒரு பயிற்சி முகாம், பிறகு தபால்வழி ஒரு டிப்ளமா. திறன், நாட்டம், ஆளுமை என்று வார்த்தைகள் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு முதல் வருஷம் பெண்களிடம் பேசினேன். தலையாட்டினார்கள். வெளியே போய் அத்தை சொன்ன படிப்பில் சேர்ந்தார்கள்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். பெண்கள் பள்ளிகளில் இங்கே தலைமையாசிரியைக்கு மேடம் என்ற பேச்சே இல்லை. பொரோதி, அதாவது பெரியக்கா. எங்கள் பொரோதி குள்ளம். கைத்தறிச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். குரல் மேஜைக்கு அடியில் போய்விட்டால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

"கீதா, நாளையிலிருந்து நான் உன் அறையில் மூலையில் உட்காருவேன். பேச மாட்டேன்," என்றார். இரண்டு நாள்தான் பேசாமல் இருந்தார்.

மூன்றாம் நாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்பா அம்மாவோடு வந்தாள். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். மூலையிலிருந்து, "தார்போர்?" என்று குரல். அப்புறம் என்று அர்த்தம். அந்தப் பெண், அப்புறம் எம்.டி. என்றாள். "தார்போர்?" ஆஸ்பத்திரி. "தார்போர்?" பெண் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். பொரோதி எழுந்து, "திட்டம் எங்கே தீர்ந்துபோகிறது என்று முதலில் கண்டுபிடி. அங்கிருந்துதான் நமக்கு வேலை," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மிரட்டல் மாதிரி இருந்தது. அது மிரட்டல் இல்லை என்று புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

நாளடைவில் ஒரு முறை உருவானது. ஒன்பதாம் வகுப்பில் பெண் தனியாக வருவாள். கல்லூரி என்ற சொல்லை யாரும் எடுக்கக் கூடாது. எந்தப் பீரியடில் மணி அடித்தால் உனக்கு எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான் கேள்வி. பத்தாம் வகுப்பில் பெற்றோர் வருவார்கள். பெண் உட்கார்ந்த பிறகே அவர்கள் உட்கார வேண்டும். பதினோராம் வகுப்பில் ஜூலைப் பயணம்.

இது முழுக்கப் பொரோதியின் மூளை. பெண் தான் சேர நினைக்கும் கல்லூரிக்கு, ஜூலையில், வேலை நாளில், கல்லூரி நேரத்துக்குப் போக வேண்டும். காரில் கொண்டுவிடக் கூடாது. பஸ்ஸோ மெட்ரோவோ ஆட்டோவோ, நாளைக்கு எதில் போவாளோ அதில். தனியாகப் பயந்தால் இன்னொரு வகுப்புப் பெண் கூட வரலாம்; அண்ணன் வரக் கூடாது. வாசலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, பெண்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கழிவறைக் கதவுக்குத் தாழ் இருக்கிறதா, இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தியைப் பிடித்து இங்கே வந்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டாயா. வந்து வாயால் சொல்ல வேண்டும். எழுதித் தந்தால் ஏற்க மாட்டார். எழுத்தில் எல்லோரும் நல்ல பிள்ளைகள் என்பது அவர் கட்சி.

ஜூலை ஏன் என்று நானே கேட்டேன். "ஜனவரியில் எல்லாக் கல்லூரியும் அழகு. நம் பெண்கள் ஜனவரியில் மட்டும் படிக்கப் போவதில்லை."

பேஹாலாவில் ஒரு தகப்பனார், வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்து, நகரத்தின் மறுகோடியில், சால்ட் லேக்கில் ஒரு கல்லூரி என்று முடிவு செய்திருந்தார். அங்கே அவர் தங்கை வீடு இருந்தது, அதுதான் உண்மைக் காரணம். பெண் இரண்டு பஸ் மாறி, ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்ச் சேர்ந்தாள். திரும்பி வந்து, "அத்தை வீட்டில் நன்றாகத் தூங்கினேன் மிஸ். கல்லூரியைப் பார்க்கவில்லை," என்றாள். பொரோதி அன்று வாய்விட்டுச் சிரித்தார். இன்னொருத்தி வடக்கே ஒரு புராதனக் கல்லூரிக்குப் போனாள், தூண்களைப் பார்த்தாள், மயங்கினாள், சேர்ந்தாள், ஒரு வருஷத்தில் அழுதுகொண்டு வெளியே வந்தாள். ஜூலைப் பயணம் அவளைக் காப்பாற்றவில்லை. ஏன் என்று பொரோதியிடம் கேட்டபோது கடிகாரத்தைக் கழற்றிச் சாவி கொடுக்க ஆரம்பித்தார். இதையும் மௌசுமிக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி மதுமிதா.

அவள் அப்பா சங்கரபாண்டியன் கோவில்பட்டிக்காரர். கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகத்தில் கிளார்க்காக வந்து ஆபீஸ் சூப்பிரண்டாக ஆனவர். அம்மா முத்துலட்சுமி. ஒரே பெண். பள்ளியில் அவள் மொது. சிநேகிதிகளோடு வங்காளி, என்னோடு தமிழ். அந்தத் தமிழும் நடுநடுவே வங்காளியில் கால் நனைத்துவிட்டு வரும்.

பத்தாம் வகுப்புச் சந்திப்பில் தகப்பனார் ரயில்வே இந்தியில் பேசினார். பொரோதி வங்காளியில் பேசினார். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றார் அவர்.

"தார்போர்?"

"அங்கேயே வேலை. நாங்களும் அங்கேதான் இருப்போம்."

"எப்போதிலிருந்து?"

"டிரான்ஸ்ஃபர் வந்ததும். பேர் கொடுத்து வைத்திருக்கிறேன்."

"எப்போது கொடுத்தீர்கள்?"

அவர் யோசித்து, "இவள் யூகேஜியில்," என்றார்.

பொரோதி சிரிக்கவில்லை. மதுமிதாவைப் பார்த்தார். அவள் தன் பின்னலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஜூலையில் அவள் ஜாதவ்பூருக்குப் போனாள். அங்கே இருக்கும் பெரிய பல்கலைக்கழகம் அவளாகத் தேர்ந்தது. சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றியபோது அதிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது.

"மிஸ், இந்தப் பக்கம் பிளாட்பாரத்துல ஜல் முழங்கால் வரைக்கும். எதிர்ப் பக்கம் கணுக்கால்தான். ஒரே ரோடு மிஸ், எப்படி? நின்னு பாத்தேன். பேப்பர் கப்பு எல்லாம் ஒரே திசைக்குப் போச்சு. ஒரு இடத்துல போய் சுத்திக்கிட்டே நின்னுது. அங்கதான் சாக்கடை வாய் இருக்கு, பிளாஸ்டிக் அடைச்சிருக்கு. டீக்கடைக்காரக் காக்குவும் நானும் கம்பு வெச்சுக் குத்தினோம். எப்படி இறங்கிச்சு தெரியுமா? சத்தம் போட்டுக்கிட்டே இறங்கிச்சு."

"சரி. கல்லூரி எப்படி?" என்றேன்.

"உள்ள போகலையே மிஸ். நேரமாயிடுச்சு."

மூலையில் பொரோதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு மறுபடி போ. இந்த முறை உள்ளே போ. போய், தண்ணீர் எங்கே போகும் என்று படிக்கிறவர்கள் எந்தக் கட்டிடத்தில் இருக்கிறார்கள் என்று கேள்."

மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தாள். சிவில் இன்ஜினீயரிங். அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு மேடு பள்ளம் வந்துவிட்டது. அதுவரை சமதரையாக இருந்த முகம்.

இங்கேதான் சிக்கல். இந்த மாநிலத்தின் பொது நுழைவுத் தேர்வில் பெரும்பாலான இடங்கள் இந்த மாநிலத்துக்காரர்களுக்கு. மாநிலத்துக்காரர் என்றால் இங்கே தொடர்ந்து பத்து வருஷம் வசித்தோம் என்று சான்று வாங்க வேண்டும். மதுமிதா இங்கேயே பிறந்தவள். ஆனால் காகிதத்தில் அந்தக் குடும்பம் கோவில்பட்டியை விட்டு ஒரு நாளும் கிளம்பவில்லை. ஆதார் அங்கே, ரேஷன் கார்டு அங்கே, ஓட்டு அங்கே. பூர்வீகம் தமிழ்நாடு என்று தாலுகா ஆபீஸில் சான்று வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார் தகப்பனார். இங்கே வசித்ததற்குக் கேட்க மறுத்துவிட்டார். கேட்காவிட்டால் தான் பிறந்த ஊரின் தேர்வில் அந்தப் பெண் வெளிமாநிலக்காரி. மீதமிருக்கும் கொஞ்ச இடத்துக்கு மோத வேண்டும். இதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து யோசித்தால் நடக்காது. அலுவலகங்கள் அலையவிடும். முன்கூட்டியே வேண்டும்.

போனில் சொன்னேன், பிடி கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டன் ரீச் குவார்ட்டர்ஸுக்கே போனேன். சுவரில் ஓர் ஆணி கிடையாது. கடிகாரம் ஃப்ரிட்ஜின் மேல் சாய்ந்து நின்றது. பரணில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, டிவி வந்த அட்டைப்பெட்டி, மிக்சி வந்த அட்டைப்பெட்டி, எல்லாம் மடிப்புக் குலையாமல். வெளியே எங்கோ படகின் மோட்டார் சத்தம். மூட்டை கட்டி வைத்த வீட்டில் ஒரு பெண் பள்ளிக்கூடம் போய் வளர்ந்து பெரியவளாகியிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க," என்றார் சங்கரபாண்டியன். "எங்களுக்கு இது டெம்பரரி."

"பதினாறு வயசுப் பொண்ணு இருக்காளே சார்."

"அதுக்கு? அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்? நான் இந்த ஊர்க்காரன்னு அர்த்தம். நாளைக்கு எங்க ஊர்ல எவனாவது, ஏல, நீதான் வங்காளத்தான்னு எழுதிக் குடுத்துட்டியேன்னு கேட்டா நான் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

"யாரும் கேட்க மாட்டாங்க."

"நீங்க ஏரிப் பக்கத்துத் தமிழு. உங்களுக்குக் கோயில் இருக்கு, சபா இருக்கு, மூணு தலைமுறை ஆச்சு. உங்களுக்கு ஊர் வேண்டாம். நாங்க குவார்ட்டர்ஸ் தமிழு டீச்சர். கவர்மெண்டு சாவியத் திருப்பிக் கேட்டா குடுத்துட்டுப் போவணும். எங்களுக்கு ஊரு ஒண்ணுதான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று யோசித்துக்கொண்டே முத்துலட்சுமி கொடுத்த காபியைக் குடித்தேன். அடுக்களை வாசலில் மதுமிதா நின்றிருந்தாள். பேசினால் அப்பாவை எதிர்ப்பதாகிவிடும், பேசாவிட்டால் தன் இடம் போய்விடும். அந்த வயதில் இரண்டு கையிலும் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் தூக்கிக்கொண்டு நிற்பது மாதிரி.

பொரோதியிடம் வந்து சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "அந்தப் பெண் ஒரு கல்லூரிதான் பார்த்திருக்கிறாள். அப்பா சொல்லும் கல்லூரியையும் பார்க்க வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்று. ரயில்வேக்காரருக்குப் பாஸ் இருக்கிறது. போகச் சொல்."

ஜூலையில் லீவு இல்லை என்றார் தகப்பனார். புஜோ, அதாவது துர்கா பூஜை விடுமுறையில் போகிறோம், ஆபீஸும் மூடியிருக்கும், பள்ளியும் மூடியிருக்கும் என்றார். நான் சரி என்றேன். எனக்கும் உறைக்கவில்லை.

பள்ளி திறந்ததும் மதுமிதா அறைக்கு வந்தாள். சொல்ல ஆரம்பித்துவிட்டுச் சிரிப்பு வந்து, முடிக்காமல் நிறுத்தினாள். "அப்பாவே வருவாங்க மிஸ். நான் சொன்னா நல்லாயிருக்காது."

இரண்டு நாள் கழித்து அவரும் முத்துலட்சுமியும் வந்தார்கள். பொரோதி மூலையில் இருந்தார். சங்கரபாண்டியன் உட்காரவில்லை. தமிழிலேயே என்னிடம் சொன்னார், நான் பொரோதிக்கு மெதுவாக மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சென்ட்ரல்ல இறங்கி, லாட்ஜ்ல குளிச்சிட்டு, மூணு பேரும் காலேஜுக்குப் போனோம். கேட்டு பூட்டிக் கிடக்கு. ரெண்டு பக்கமும் வாழைக்கண்ணு. ரோட்டுல பூசணிக்கா ஒடச்சுக் குங்குமம் தடவிக் கிடக்கு. பஸ்ஸுக்கெல்லாம் மாலை. வாட்ச்மேன்ட்ட, என்னய்யா, காலேஜ் இல்லையான்னு கேட்டேன். இன்னிக்கு சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை சார், நீங்க எந்த ஊருன்னு கேட்டான்."

நிறுத்தினார்.

"கோவில்பட்டின்னேன். ஏன் சார், கோவில்பட்டில ஆயுத பூஜை கெடையாதான்னான்."

முத்துலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் டிக்கெட் எடுக்கும்போதே சொன்னேன் டீச்சர். சரஸ்வதி பூஜை என்னிக்குன்னு பாத்துக்கிடுங்கன்னு. அது பிப்ரவரிலல்லா வரும்னாங்க."

இங்கே சரஸ்வதிக்குப் பூஜை குளிர் முடியும்போது. பெண்கள் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வருவார்கள், புத்தகத்தை அவள் காலடியில் வைப்பார்கள். கருவிகளுக்குப் பூஜை செப்டம்பரில், விஸ்வகர்மாவுக்கு. அன்று ரயில்வே பணிமனையில் சங்கரபாண்டியன்தான் வருஷா வருஷம் பந்தலுக்கு வசூல் செய்வார். அக்டோபர் வந்தால் துர்க்கை வந்து ஊரையே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆயுதமும் ஏடும் அவருக்குத் தெரியாமலே நாள் மாறிப் போயிருந்தன.

"வாட்ச்மேன் நல்லவன்தான்," என்றார். "ஒரு பொட்டலம் பொரிகடலை குடுத்தான். வெளியூர்க்காரங்க, வெறுங்கையா போவக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தான். நான் கைய நீட்டி வாங்கிக்கிட்டேன் டீச்சர். வாங்குனப்பறம்தான் வெளங்கிச்சு, விருந்தாளிக்குக் குடுக்கான்னு."

நான் கடைசி வாக்கியத்தை வங்காளியில் சொல்லத் தடுமாறினேன். பொரோதி கையை லேசாக உயர்த்தினார், புரிந்தது என்று. அவர் குடும்பம் பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தது. ஊர் எது என்று கேட்டால் இன்றும் பரிசால் என்பார். போய்ப் பார்த்ததில்லை.

"அந்தக் காகிதம் நீங்கள் எங்கே வசித்தீர்கள் என்று கேட்கிறது," என்றார் பொரோதி, வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில். "உங்கள் ஊர் எது என்று கேட்கவில்லை. நானும் எழுதிக் கொடுத்தவள்தான்."

சங்கரபாண்டியன் அப்போதுதான் உட்கார்ந்தார். "என்னென்ன வேணும்னு சொல்லுங்க. காகிதம் மட்டும்தான் டீச்சர். இது முடிவு இல்ல."

"முடிவு இல்லை," என்று நானும் சொன்னேன்.

குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு உத்தரவு, மழலையர் வகுப்பிலிருந்து பள்ளிச் சான்றுகள், கரண்ட் பில், கவுன்சிலரின் கடிதம். சான்று தரும் அலிப்பூர் அலுவலகத்தில் கிளார்க் ஆதாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மறுபடி வாருங்கள், பெரியவர் இல்லை, முத்திரை இல்லை. சங்கரபாண்டியன் அரை நாள் லீவு போட்டுப் போட்டு நடந்தார். அவருக்கே அவர் மேல் கோபம் என்று நடையில் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு பாதி போவதற்குள் சான்று கைக்கு வந்தது. புஜோவுக்குப் போன பயணத்திலேயே, இரண்டு நாள் கழித்து, சென்னைக் கல்லூரியையும் திறந்த கதவோடு மதுமிதா பார்த்திருந்தாள். தாழ் இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, நூலகம் குளிர்கிறது. குறை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு மாநிலத்திலும் இடம் கிடைத்தது. சென்னையில் கம்ப்யூட்டர், ஜாதவ்பூரில் சிவில். எதில் பணம் கட்டுவது என்று முடிவு செய்ய மூவரும் என் அறைக்கு வந்தார்கள். பள்ளி முடிந்து போன பெண் வர வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் பேச முடியவில்லை போலும்.

வெளியே குடிதண்ணீர்க் குழாயில் சின்னப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சங்கரபாண்டியன் மகளைப் பார்த்து, வங்காளியில், "ஜாதவ்பூர். தார்போர்?" என்றார்.

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூலையிலிருந்த பொரோதி தலையைக் குனிந்துகொண்டார்.

மதுமிதா தமிழில் பதில் சொன்னாள். "டிரான்ஸ்ஃபர் வந்தா நீங்க ஊருக்குப் போங்கப்பா. நான் லீவுக்கு வர்றேன்."

முத்துலட்சுமி மகளின் கையைப் பிடித்தாள். சங்கரபாண்டியன் லீவுக்கு என்ற சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "உனக்கு அங்கன ஒரு குத்தமும் தெரியலையேட்டி," என்றார்.

"குத்தம் இல்லப்பா. பாக்க ஒண்ணும் இல்ல எனக்கு."

"இங்க இருக்கோ?"

"இருக்குப்பா."

அவர் எழுந்தார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "சரி. ஜாதவ்பூருக்கே கட்டுவோம்," என்று என்னிடம் சொன்னார், மகளிடம் சொல்லாமல்.

அடுத்த வருஷம், அவள் இரண்டாம் செமஸ்டரில் இருந்தபோது, டிரான்ஸ்ஃபர் வந்தது. வேண்டாம் என்றால் பெயர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகும். பணியில் அவ்வளவு வருஷம் மீதி இல்லை. அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை. ஜாதவ்பூரில் பெண்கள் விடுதி ஒன்று நானும் மதுமிதாவும் சேர்ந்து பார்த்தோம். இந்த முறையும் மழையில்தான்.

ஷாலிமார் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். பிற்பகல் வண்டி. சாமான்கள் முன்னாலேயே போய்விட்டன, அந்தந்தப் பெட்டியில். முத்துலட்சுமி ஜன்னலுக்கு உள்ளிருந்து தலைக்கு எண்ணெய், வெள்ளிக்கிழமை, ஈரத்தலையோடு விசிறிக்குக் கீழே படுக்காதே என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதுமிதா ஹ்யாம், ஹ்யாம் என்று வங்காளியில் தலையாட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில் வாங்க அவள் கடைக்கு ஓடிய நேரம் சங்கரபாண்டியன் பெட்டி வாசலில் வந்து நின்றார். ஏதாவது நன்றி சொல்வார், சங்கடமாக இருக்கும் என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"டீச்சர். மாசம் ஒருக்க அவளக் கூப்பிட்டு வச்சு தமிழ்ல பேசுங்க."

"என்ன பேச?" என்றேன்.

மதுமிதா பாட்டிலோடு ஓடி வந்து அவர் கையில் திணித்தாள். வண்டி அசைந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னார்:

"எதையாவது. ஏசுங்க. ஏசுனாலும் தமிழ்ல ஏசுங்க."